சந்தைக்கு முன் கலைக்கூடம்

தை பிறந்துவிட்டால் தஞ்சாவூரில் விடுதி அறை கிடைப்பது கஷ்டம். பொங்கல் விடுமுறைக்கு ஊர் சுற்ற வருகிறவர்கள் ஒரு பக்கம், திருவையாறு தியாகராஜ ஆராதனைக்கு வருகிறவர்கள் இன்னொரு பக்கம். அந்தச் சமயத்தில் தென்னகப் பண்பாட்டு மையத்தில் கைவினைச் சந்தையும் நடந்தால் கேட்கவே வேண்டாம். சந்தை என்றால் குத்துவிளக்கு, தலையாட்டி பொம்மை, நெட்டி வேலை, தஞ்சாவூர்த் தட்டு என்று பழைய சரக்கு மட்டும் இல்லை. கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்து வெளியே வந்த பிள்ளைகள் தங்கள் ஓவியங்களையும் சிற்பங்களையும் கொண்டுவந்து வைக்கிறார்கள். அந்த வரிசைக்காகவே நான் போவதுண்டு.

வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் பெரிய கோயிலை ஒரு சுற்று சுற்றிவிட்டு, சந்தையில் இரண்டு பொம்மை வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடுகிறார்கள். இந்த ஊரின் அருங்காட்சியகங்கள் சந்தை நாட்களில்கூட காலியாகத்தான் கிடக்கின்றன. எனக்கு இது புரியவே இல்லை. சந்தையில் நடராஜரையும் தஞ்சாவூர் ஓவியத்தையும் விலை பேசுகிறவர், அவற்றின் மூத்த பிரதிகள் அதே ஊர் அரண்மனையில் இருப்பதைப் பார்க்காமலே பணத்தை எடுத்து நீட்டுகிறார். எதை வைத்து இது நல்ல வேலை, இது சுமாரான வேலை என்று சொல்வார்? அதனால் யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: முதல் நாள் கூடங்கள், மறுநாள் சந்தை. வரிசை மாறினால் பாதிப் பயன் போய்விடும்.

இந்த முறை இதைச் சோதித்துப் பார்க்க என் மைத்துனன் அகப்பட்டான். பெங்களூரில் புது வீடு கட்டியிருக்கிறான். வரவேற்பறைக்கு ஒரு பெரிய தஞ்சாவூர் ஓவியமும், பூஜை அறைக்கு ஒரு பஞ்சலோக நடராஜரும் வாங்க வேண்டும் என்று சந்தை நடக்கும் நாட்களாகப் பார்த்து வந்தான். கூடவே அத்தையும், அதாவது என் மாமியார். தஞ்சாவூரில் அறை கிடைக்காமல் பாபநாசத்தில் எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள். இதையும் ஒரு வழியாகச் சொல்லி வைக்கிறேன்: ஆராதனை நாட்களில் தஞ்சையில் அறை இல்லையென்றால் கும்பகோணத்தில் தேடுங்கள். 40 கிலோமீட்டர்தான். பேருந்தும் ரயிலும் உண்டு, சுவாமிமலை பக்கத்திலேயே இருக்கிறது.

"அத்தான், மியூசியமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல கடைக்குப் போயிடுவோம்" என்றான். முடியாது என்றேன். அவனுக்குக் கொஞ்சம் கோபம்தான்.

காலையில் முதலில் பெரிய கோயிலுக்குப் போனோம். கூடங்கள் என்று சொல்லிவிட்டுக் கோயிலில் தொடங்குவதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. கோயில் நடை நண்பகலில் சாத்தப்படும், மாலையில்தான் திறக்கும். அரண்மனைக் கூடங்கள் அந்த நேரத்தில் திறந்திருக்கும். வெயில் ஏறியபின் கோயில் தரைக் கல்லில் வெறுங்காலோடு நடப்பது தண்டனை. ஆகவே காலை கோயிலுக்கு, உச்சிவேளை கூரையுள்ள இடத்துக்கு. இதை மாற்றிப் போட்டவர்கள் கால் பொரிய ஓடுவதை எந்த மே மாதத்திலும் பார்க்கலாம். தை வெயிலும் பதினொரு மணிக்குமேல் லேசுப்பட்டதில்லை.

கோயிலுக்குள் தொல்லியல் துறை வைத்திருக்கும் விளக்க மையத்தை நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். கருவறையைச் சுற்றி உள்ளே ஓடும் இருட்டு நடையில் ராஜராஜன் காலத்துச் சுவரோவியங்கள் இருக்கின்றன. அங்கே பொதுமக்களை விடுவதில்லை. அவற்றின் படங்களை இங்கேதான் பார்க்க முடியும். சுந்தரர் வெள்ளை யானையில் கயிலாயம் போவது, சேரமான் பெருமாள் குதிரையில் கூடவே போவது, முப்புரம் எரித்த காட்சி எல்லாம் உண்டு. இந்த ஓவியங்கள் நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் பல நூற்றாண்டு மறைந்து கிடந்தன. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில் சோழர் கைவண்ணத்தைக் கண்டு வெளியே சொன்னார். பின்னால் தொல்லியல் துறை செய்ததுதான் எனக்குப் பெரிய வியப்பு. மேலே இருந்த நாயக்கர் ஓவியத்தை அழிக்காமல் அப்படியே உரித்தெடுத்து, கண்ணாடி இழைப் பலகைகளில் பதித்தார்கள். ஒரே சுவரிலிருந்து இரண்டு காலத்து ஓவியங்களையும் மீட்டுவிட்டார்கள்.

மைத்துனன் இங்கே ஐந்து நிமிடம் நின்றான், கைபேசியைப் பார்த்தான். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன். யாரையும் பிடித்து வைத்துப் பார்க்கச் சொல்லக் கூடாது.

அங்கிருந்து ஆட்டோவில் அரண்மனை. இங்கே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அரண்மனை என்பது ஒரே வளாகமானாலும் உள்ளே இருப்பவை தனித்தனி நிர்வாகங்கள். கலைக்கூடத்துக்கு ஒரு சீட்டு, சரஸ்வதி மகால் அருங்காட்சியகத்துக்கு ஒரு சீட்டு, மராட்டிய அரச குடும்பத்தின் பொருள்கள் உள்ள கூடத்துக்கு வேறொன்று. படம் எடுக்கும் விதிகளும் இடத்துக்கு இடம் மாறும். வாசலில் ஒரு சீட்டை வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாக நினைத்துத் திரும்புகிறவர்கள் உண்டு. விடுமுறை நாட்களும் ஒன்றுபோல இருக்காது. சரஸ்வதி மகாலுக்குப் போக நினைப்பவர்கள் புதன்கிழமையைத் தவிர்ப்பது நல்லது. மாவட்ட அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை வேண்டாம். இரண்டையும் ஒரே பயணத்தில் வைப்பதானால் சனி, ஞாயிறு, திங்கள்தான் வசதி. அதிலும் இரண்டாம் சனியா என்று நாள்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் குறைவு என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டுக் கலைக்கூடத்துக்கு மட்டும் போங்கள். 1951-இல் தொடங்கியது. டெல்டா கிராமங்களில் வயலில், கோயில் மண்ணில் தோண்டும்போது கிடைத்த சிலைகள் பல இங்கே வந்து சேர்ந்தன. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையல் கிடைத்தாலும் ஆட்சியருக்குச் சொல்ல வேண்டும். அந்தப் 10 ரூபாய்க் கணக்கை இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வரும். ஆனால் அந்தச் சட்டம் இல்லையென்றால் பல சாமிகள் என்றைக்கோ கப்பலேறியிருப்பார்கள். படையெடுப்புப் பயத்தில் ஊர்க்காரர்கள் மணலும் செங்கல்லும் போட்டு மண்ணுக்குள் பத்திரமாக இறக்கி வைத்தவை அவை. இறக்கியவர்கள் திரும்பி வந்து எடுக்கவில்லை.

அங்கே திருவெண்காட்டு ரிஷபவாகன மூர்த்தியின் முன்னால்தான் நாங்கள் அதிக நேரம் செலவழித்தோம். 1011-இல் செய்தது. பக்கத்தில் நிற்கும் உமையவள் அடுத்த ஆண்டு. ஏறக்குறைய மூன்றரை அடி உயரம். காளை இல்லை. எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. காளையின் முதுகில் சாய்த்த கை மட்டும் அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. அந்தக் கையின் தளர்ச்சியைப் பார்த்தாலே காளை எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் திரும்பி நின்றது என்று ஊகிக்கலாம். காலை மாற்றிப் போட்டு, இடுப்பைச் சற்றே ஒடித்து, வேலை முடிந்து வரப்பில் நிற்கிற ஆள் மாதிரி ஒரு நிதானம். சடையைத் தலைப்பாகை போலச் சுருட்டி, அதில் பாம்பு. கிரீடம் இல்லை. ஆபரணமும் குறைவு.

கோயிலில் உற்சவரைப் பார்க்கும்போது பட்டும் மாலையும் கவசமும் மூடியிருக்கும், முகமும் கையும்தான் தெரியும். சிற்பி தோளையும் முதுகையும் வயிற்றின் லேசான மேட்டையும் எப்படிச் செய்தான் என்பது பக்தனுக்குத் தெரிய வழியில்லை. திருமஞ்சனம் செய்கிற குருக்களுக்கு மட்டும் தெரியும். அந்தக் காட்சி இந்தக் கூடத்தில் யாருக்கும் கிடைக்கிறது. ஆனால் அத்தை இதை ஒப்புக்கொள்ளவில்லை. "விளக்கில்ல, நைவேத்தியம் இல்ல, இப்படி நிக்க வச்சிருக்காங்களே மாப்பிள்ளை. பட்டினி கிடக்கிற சாமி மாதிரியில்ல இருக்கு" என்றார்கள். கூந்தலிலிருந்து இரண்டு மல்லிகையை எடுத்து, யாரும் பார்க்காதபோது பீடத்தருகே வைத்துவிட்டு வந்தார்கள். காவலர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். அத்தை சொன்னதில் நியாயம் இருக்கிறது. எனக்கு இதற்குப் பதில் இல்லை.

பார்க்கும் முறை பற்றிக் கொஞ்சம். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் செப்புத் திருமேனியை நேர் எதிரே நின்று பார்த்தால் உங்கள் சட்டைதான் தெரியும். ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து, கொஞ்சம் குனிந்து பாருங்கள். உற்சவர் பல்லக்கில் தோளுயரத்துக்கு மேல் வருவதற்காகச் செய்யப்பட்டவர், கீழிருந்து பார்த்தால்தான் முகம் சரியாக விழும். விரல் நுனிகளைப் பாருங்கள், இடுப்புத் துணியின் மடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள், முழங்கால் எலும்பு தெரிகிறதா என்று பாருங்கள். நல்ல வேலையில் முழங்கால் சொல்லியும் சொல்லாமலும் இருக்கும். எல்லாச் சிலைகளையும் பார்க்க நினைத்தால் பத்தாவது சிலைக்குள் கண் மரத்துவிடும். நான்கைந்தைத் தேர்ந்தெடுங்கள், போதும்.

என் தேர்வில் அடுத்தது அதே திருவெண்காட்டிலிருந்து வந்த கல்யாணசுந்தரர் குழு. சிவன் உமையின் கையைப் பிடிக்கிறார், தாரை வார்க்கும் அண்ணனாகத் திருமால், பெண் பக்கத்தில் திருமகள். உமையின் தலை சற்றே தாழ்ந்திருக்கிறது. கல்யாண வீட்டில் பெண்ணுக்குப் பின்னால் நிற்கிற நாத்தனாரையும் அண்ணியையும் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, திருமகள் அப்படித்தான் லேசாகப் பெண்ணை முன்னே செலுத்துகிறாள். மைத்துனன் கைபேசியைப் பைக்குள் வைத்தது இங்கேதான்.

கல் சிற்பங்களில் தாராசுரத்திலிருந்து வந்த கஜசம்ஹாரரை விட்டுவிடாதீர்கள். யானைத் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளிருந்து சுழல்கிற உடம்பு. பாதத்தின் அடிப்பக்கமும் தெரிகிறது, முதுகும் தெரிகிறது. அருகில் பயந்து ஒதுங்குகிறாள் உமை. பிச்சை கேட்டு வரும் சிவனான கங்காளர் பின்னால் மயங்கி நிற்கும் ரிஷிபத்தினிகளும் தாராசுரத்துக்காரர்கள்தான். இந்தக் கூட்டத்துக்கு நடுவே நாயக்கர் தர்பார் மண்டபத்தில் வெள்ளைப் பளிங்கில் கைகூப்பி நிற்கிறார் இரண்டாம் சரபோஜி மன்னர். செய்தது ஜான் பிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பி. அதே பிளாக்ஸ்மன் செய்த இன்னொரு பளிங்குச் சிற்பம், சரபோஜியின் ஆசிரியரான சுவார்ட்ஸ் பாதிரியார் மரணப் படுக்கையில் இருப்பது, சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய தேவாலயத்தில் இருக்கிறது. இதைத் தஞ்சாவூர்க்காரர்களிலேயே பாதிப் பேர் பார்த்ததில்லை.

கூடத்தின் கோபுரங்களில் ஏறுவதைப் பற்றி: படிகள் குறுகல், உயரம் அதிகம். முட்டி வலிக்காரர்கள் ஏற வேண்டாம். அத்தையைக் கீழே நிழலில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் மேலே இருக்கும் திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியது. அரண்மனையில் திமிங்கலம் எதற்கு என்று கேட்டால் சரியான பதில் கிடையாது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுதான் கைகொடுக்கும்.

சரஸ்வதி மகால் அருங்காட்சியகம் சிறியது. பலர் பத்து நிமிடத்தில் வெளியே வந்து, ஓலைச்சுவடிதானே என்பார்கள். நூலகத்தின் வேர் நாயக்கர் காலத்தில் இருந்தாலும், அதற்கு இப்போதைய முகத்தைக் கொடுத்தவர் 1798 முதல் 1832 வரை ஆண்ட சரபோஜி. நாட்டை ஆளும் அதிகாரத்தைக் கும்பினிக்காரர்களிடம், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியிடம், விட்டுக்கொடுத்துவிட்டு, கையில் மிஞ்சிய பணத்தையும் நேரத்தையும் புத்தகத்திலும் மருத்துவத்திலும் போட்டவர். கண் நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையைப் படம் வரைந்து குறிப்பெழுதி வைக்கச் சொன்னார். அந்தத் தாள்கள் நூலகத்தில் இருக்கின்றன. பொதுமக்களுக்கு நூலகம் திறக்கப்பட்டது 1918-இல்.

அங்கே என்னை எப்போதும் நிறுத்துவது பிரெஞ்சு ஓவியர் சார்ல் லெ புருன் வரைந்த முகங்களின் அச்சுப்படங்கள். மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருப்பார். ஆந்தை முகத்து மனிதன், ஒட்டக முகத்து மனிதன். 17-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் ஓவியரின் கிறுக்கு, காவிரிக்கரை அரசர் ஒருவருக்குப் பிடித்துப்போய் இங்கே வந்து தங்கிவிட்டது. அதற்குப் பக்கத்திலேயே பழைய தஞ்சாவூர்ப் பாணி ஓவியங்கள். மைத்துனன் வாங்க வந்த பொருளின் மூதாதையர்கள்.

இங்கே அவனிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். "தங்கத்தப் பாக்காத, முகத்தப் பாரு." பழைய ஓவியங்களில் தங்கம் அவன் நினைத்ததைவிட அடக்கமாக இருந்தது. இன்று கடைகளில் உள்ளவை கண்ணைக் கூசும். பழையதில் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, நகைக்கும் மண்டப வளைவுக்கும் மட்டும். மீதி இடத்தைச் சிவப்பும் பச்சையும் ஆள்கின்றன. குண்டுக் கிருஷ்ணன் பல ஓவியங்களில் கருப்பும் இல்லை, நீலமும் இல்லை, வெள்ளை வெளேரென்று இருப்பான். திரைச்சீலையின் ஓரத்தில் ஒரு கோடு போட்டால் அது தயங்காமல் போகும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு மறுநாள் சந்தைக்குப் போனால் போதும்.

வளாகத்தைவிட்டு வந்தபோது மணி இரண்டு. மெஸ் ஒன்றில் சாப்பாடு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, வத்தக்குழம்பு நன்றாக இருந்தது. 1995-இல் எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கட்டிய ராஜராஜன் மணிமண்டபத்தில் தொல்லியல் துறையின் கூடம் ஒன்று உண்டு. நாங்கள் போகவில்லை. அத்தைக்குக் கால் வீங்கிவிட்டது. ஒரு நாளில் இரண்டரை கூடம்தான் மனித உடம்புக்குத் தாங்கும். அதற்குமேல் போட்டால் பார்த்தது எதுவும் நினைவில் நிற்காது.

மறுநாள் சந்தை. மைத்துனன் நேரே ஓவியக் கடைகளுக்குப் போனான். ஆனால் முந்தின நாள் இருந்த அவசரம் இல்லை. முதல் கடையில் நின்று பார்த்துவிட்டு, "முகமெல்லாம் ஒண்ணாவே இருக்கே அத்தான்" என்றான். லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் மீனாட்சிக்கும் ஒரே மூக்கு, ஒரே உதடு. அச்சுக் காகிதத்தை வைத்து நகலெடுத்து, தங்கம் மட்டும் கையால் ஒட்டிய வேலை. கடைக்காரரிடம் சண்டை போடத் தேவையில்லை, அந்த விலைக்கு அது சரியான பொருளே. பெரிய விலை சொல்லும்போதுதான் விசாரிக்க வேண்டும்.

என்ன விசாரிப்பது? பலகையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் பலாப்பலகை, இப்போது பெரும்பாலும் ஒட்டுப்பலகை. ஒட்டுப்பலகை தப்பில்லை, ஆனால் கறையான் மருந்து வைத்ததா, ஓரம் பிரிகிறதா என்று பார்க்க வேண்டும். பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் கோந்தும் கலந்த பசையால் மேடு கட்டி, அதன்மேல் கல்லும் ரேக்கும் வைக்கிறார்கள். மேட்டின் ஓரங்களில் விரிசல் இருந்தால் பசை சரியாகக் காயவில்லை. ரேக்கு 22 காரட் என்றால் ரசீதில் அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம். போலி ரேக்கு சில வருடங்களில் கறுத்துவிடும், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தாலும்.

நடராஜரைச் சந்தையில் வாங்க வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். சந்தை மேசையில் ஒரே மாதிரி ஆறு நடராஜர் வரிசையாக நின்றால், அவை ஒரே அச்சில் வார்த்த பித்தளை என்று அர்த்தம். மெழுகு வார்ப்பில் அப்படி நடக்காது. சுவாமிமலையில் மெழுகும் குங்கிலியமும் சேர்த்துச் சிலையை முழுதாகச் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசிப் பூசிக் காயவைத்து, கம்பி கட்டிச் சுடுகிறார்கள். மெழுகு உருகி வெளியே ஓடியதும் அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைக்கிறார்கள். அச்சு உடைந்துபோவதால் அடுத்த சிலைக்கு மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். அதே அளவு, அதே தியான சுலோகம் சொல்லும் உருவம், ஆனால் விரல் வளைவு ஒன்றுக்கொன்று மாறும். முந்தின நாள் பார்த்த திருவெண்காட்டு மூர்த்தியும் இதே முறையில் பிறந்தவர்தான்.

மாலையில் சுவாமிமலைக்குப் போய் ஒரு பட்டறையில் இதை நேரில் பார்த்தோம். கும்பகோணத்திலிருந்து கூப்பிடு தூரம். பட்டறைகளில் பெரும்பாலும் பார்க்க விடுவார்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்று யாரும் நெருக்கவில்லை. ஸ்தபதி ஓலை நறுக்கை மடித்து மடித்து அளவு எடுத்துக் காட்டினார். முகத்தின் நீளம்தான் எல்லா அளவுக்கும் அடிப்படை. கனவார்ப்பா, உள்ளே பொள்ளலா என்று கேளுங்கள். எடையையும், எந்த அளவு உளி வேலை என்பதையும் கேளுங்கள். விலை இந்த இரண்டையும் பொறுத்தது. சிலையின் பின்புறத்தை அவசியம் பாருங்கள். முன்பக்கம் ஆபரணத்தை நிறையச் செதுக்கி, பின்பக்கத்தை வழவழவென்று விட்டிருந்தால் அவசர வேலை. சுவாமிமலை வெண்கலச் சிலைகள் புவிசார் குறியீடு பெற்றவை என்பதால் அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டு எங்கெங்கோ செய்தவையும் விற்பனைக்கு வருகின்றன. செய்கிற இடத்துக்கே போய்விட்டால் அந்தக் கவலை இல்லை.

மைத்துனன் சந்தையில் கடைசியாக வாங்கியது நாங்கள் யாரும் எதிர்பார்க்காத ஒன்று. கவின்கலைக் கல்லூரிப் பையன் ஒருவன் வரைந்த நீர்வண்ண ஓவியம். மகாமகக் குளத்தின் ஒரு மூலை, மழை பெய்து விட்ட பிறகு. தங்கம் கிடையாது, சாமி கிடையாது. கும்பகோணத்துப் பிள்ளைகளுக்கு நீர்வண்ணம் கை வந்த கலை. அந்தப் பையனோடு அரை மணி நேரம் பேசினான். தஞ்சாவூர் ஓவியத்தை ஒரு ஓவியரிடம் சொல்லி வைத்துச் செய்துகொள்வதாக முடிவு. முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ரேக்கு ஒட்டச் சொல்வேன் என்று நிபந்தனை போட்டிருக்கிறான்.

இன்னும் இரண்டு நாள் கையில் இருப்பவர்களுக்கு: திருவாரூர்க் கோயிலின் தேவாசிரிய மண்டப விதானத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தி கதை ஓவியங்கள் உண்டு. மராட்டியர் காலத்தவை. ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் குறிப்பு எழுதியிருப்பதால் கதைப் புத்தகம்போலப் படித்துக்கொண்டே போகலாம். மண்டபம் எப்போதும் திறந்திருக்காது, கோயில் அலுவலகத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும். கழுத்து வலிக்கும், துண்டை விரித்துப் படுத்துப் பார்ப்பதே உத்தமம். அதே ஊரில் அறநிலையத் துறையின் படிமப் பாதுகாப்பு மையத்தில் பல கோயில்களின் செப்புத் திருமேனிகள் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. பொதுமக்கள் பார்க்க முடியாது. திருட்டுப் பயத்தால் பூட்டியது என்றாலும், பாதுகாப்போடு ஒரு பத்துத் திருமேனிகளையாவது மக்கள் பார்க்க வைக்கலாம் என்பது என் எண்ணம்.

தரங்கம்பாடிக்கு ஒரு நாள் ஒதுக்கலாம். 1620-இல் ரகுநாத நாயக்கர் அனுமதியோடு டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்குள் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு இங்கே நடத்திய அச்சகத்தில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்க ஏட்டில் எழுதிய கடிதம் கோபன்ஹேகனில் இருக்கிறது, இங்கே இல்லை. காலை பதினொரு மணிக்குள் போய்விடுங்கள். கடற்காற்று நின்றுவிட்டால் கோட்டை முற்றத்தில் நிற்க முடியாது.

வாங்கிய பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு விஷயம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிலையோ ஓவியமோ நாட்டைவிட்டுப் போகக் கூடாது. புதுச் சிலையும் பார்வைக்குப் பழையது போல இருந்தால் விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். இது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்கு ரசீதும் புகைப்படமும் தேவை. நாள் ஆகும், கிளம்புகிற வாரத்தில் போய் நிற்காதீர்கள். பெங்களூருக்கு மைசூர் எக்ஸ்பிரஸில் கொண்டுபோவதற்கு அதெல்லாம் வேண்டாம். மரச்சட்டம் போட்ட ஓவியத்தின் கண்ணாடிமேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுநாடா ஒட்டி, பழைய போர்வை சுற்றி, கீழ்ப்படுக்கைக்கு அடியில் படுக்க வைக்காமல் நிற்க வைத்துக் கொண்டுபோனால் போதும்.